சுத்தமான கிணறு

"இன்னா சார், போன வாட்டியும் எங்க கெணத்துத் தண்ணி நல்லாக் கீதுன்னு எய்திட்டியாமே?" சைக்கிளை நிறுத்துவதற்குள் அங்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கேம்மா எழுதினேன்? பாட்டில்ல இருக்கறதைத்தான் லேப்ல சொல்றாங்க" என்றார் தண்ணீர் சோதிக்க வந்த பரந்தாமன். பூந்தமல்லியிலிருந்து வெயிலில் மிதித்து வந்த களைப்பு அவருக்கு.

"கல்குவாரி வந்துதான் கெணறு கெட்டுச்சுன்னு மனு மேல மனு போட்டோம். நீ நல்லாக் கீதுன்னா, அவன் இன்னும் ஆழமா தோண்டுவானே!"

"இதுதான் கடைசி சாம்பிள். இதுவும் நல்லா இருந்தா குவாரிக்கு இன்னும் தோண்ட அனுமதிதான்."

வழக்கம்போல் பாட்டிலை அவளிடம் நீட்டிவிட்டு நிழலில் சாய்ந்தார். வழக்கம்போல் அவளும் நிரப்பி வந்து கொடுத்தாள். அவர் முகம் கழுவலாமென்று கிணற்றடிக்குப் போய், வாளியில் இறைத்துக் கை நிறைய அள்ளினார்.

"ஐயோ சார், அத்த மூஞ்சில ஊத்தாத! சொறி புடிக்கும்!"

"அப்போ பாட்டில்ல இருக்கறது?"

"அது பூந்தமல்லி கொயாயில புட்ச்சாந்த தண்ணி சார். ஊடு தேடி வந்து கேக்குற மன்சனுக்குப் போயி கெட்ட தண்ணியா குடுப்பாங்க?"

பரந்தாமன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்து முடித்தார். காலி பாட்டிலை அவளிடமே நீட்டினார்.

"கெணத்துலேர்ந்து ரொப்பும்மா."

"ரொப்புறேன். இத்தயும் குடிச்சிடாத சார்."