தம்பி காட்டிய வழி

"உன்னை நம்பித்தான்டா கையெழுத்துப் போடறேன்" என்றாள் அக்கா.

தம்பி தலையை மட்டும் ஆட்டினான். அக்காவை இப்படி ஒடுங்கிப்போய் அவன் பார்த்ததே இல்லை.

வரி பாக்கியைத் தீர்த்து வைக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனி அது. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, முகம் தெரியும்படி துடைத்து வைத்த மேஜை. எதிரில் உட்கார்ந்திருந்த மேனேஜர் வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா' போட்டுப் பேசினார். காகிதங்களை ஒவ்வொன்றாக அக்கா பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பாதிக் காகிதங்களில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. ஏன் என்று அக்கா கேட்டதற்கு, அதையெல்லாம் பிறகு நாங்கள் நிரப்பிக்கொள்வோம் என்றார்.

அக்கா ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவள். அத்தான் பக்கவாதத்தில் விழுந்தபோது கடையும் வீடும் அவள் தலையில் வந்து உட்கார்ந்தன. கணக்கு வழக்கு அத்தானோடு சேர்ந்து படுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். அவள் வரியைத் தள்ளிப்போட்டாள். அது வட்டியும் அபராதமுமாகக் குட்டி போட்டு, ஒருநாள் நோட்டீஸாக வாசலுக்கு வந்துவிட்டது.

அவள் அழுதுகொண்டே போன் செய்த அன்றே அவன் ஓடி வந்தான். சலவைக்கடை வைத்திருக்கும் அவனும் இதே சிக்கலில் மாட்டியவன்தான். அவனை இந்தக் கம்பெனி கரையேற்றிவிட்டது என்று சொந்தபந்தத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கடைசிக் காகிதத்தில் பேனாவை வைத்த அக்கா தயங்கினாள்.

"எங்கிட்டத் தைக்க வர்ற பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. நாமளே நேரா வரி ஆபீசுக்குப் போய் நிலைமையைச் சொன்னா, தவணையில கட்டச் சொல்லுவாங்களாம். அதுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாமாம். நிஜமாடா?"

மேனேஜர் சிரித்த முகத்தோடு அவனைப் பார்த்தார்.

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவன் கடை திறந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, புதுத் துணியானாலும் ஒருமுறை துவைத்துக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் வாங்குகிறார்கள் என்று அவனிடமே ஒரு பொய்யைச் சொல்லி, மூட்டை மூட்டையாக வேலை அனுப்பியவள் இவள்.

"அங்க போறது நாமளே தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கற மாதிரிக்கா" என்றான் மெல்ல. "மறுநாளே கடைக்கு சீல் வெச்சிடுவாங்க. அந்தப் பக்கமே போகாத."

"நீ சொன்னா சரி."

கையெழுத்தைப் போட்டாள். பையிலிருந்து தலையணை உறையில் சுற்றிய பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு தையல் மிஷினை விற்ற பணம் அது. இனி வரி ஆபீசிலிருந்து யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கக் கூடாது, கடிதம் வந்தால் பிரிக்காமல் இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே பணத்தை இழுப்பறைக்குள் தள்ளினார்.

அக்கா எழுந்து தம்பியின் தோளைப் பிடித்தாள்.

"மிஷின் போனாப் போகுதுடா. இன்னைக்காவது கண்ணை மூடித் தூங்குவேன். நீ மட்டும் இல்லேன்னா அத்தானுக்கும் எனக்கும் விஷம்தான் மிச்சம்."

அவள் கீழே இறங்கிப் போனாள். அவனை மட்டும் ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார் மேனேஜர். கதவு மூடியதும் அவர் குரலில் இருந்த குழைவு காணாமல் போனது.

"போன மாசம் உங்க சினேகிதர், இப்ப அக்கா. இன்னும் ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துடுங்க. உங்க ஃபைலைக் கையில எடுத்துடறோம்."

"சார், போன வாரம் என் கடைக்கு சீல் வெச்சுட்டாங்க சார். சொந்தக்காரங்க யாருக்கும் இன்னும் தெரியாது."

"அதனாலதான் சீக்கிரம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றேன். உங்க கையெழுத்துப் போட்ட வெத்துப் பேப்பரும் எங்ககிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அவன் ஒருநாள்கூட வரி ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. அந்தப் பக்கமே போகாமல் இருந்ததால் விழுந்த சீல்தான் அது. ஏமாந்துவிட்டோம் என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும், இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு ஆள் என்று அவர் காட்டுகிற ஆசையை விட்டுவிட்டு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

படி இறங்கினான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தெருவுக்கு வந்தான்.

அக்கா தன் சினேகிதி ஒருத்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அழாதடி. நோட்டீஸ் வந்தா என்ன, என் தம்பி இருக்கான்ல? இதோ வந்துட்டான், அவன்கிட்டயே தர்றேன் பேசு" என்று போனை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அதைக் காதில் வைத்துக்கொண்டான். "நாளைக்குக் காலையில வாங்கக்கா" என்றான்.