ஒட்டாத எண்ணெய்

“ஒரு சொட்டு கையில விடுங்கண்ணே, பாக்கறேன்” என்று விரலை நீட்டினாள் அந்தப் பெண். கக்கத்தில் ஒரு பெரிய பழுப்பு உறை. கடைக்குள் வந்ததிலிருந்து அதை அவள் ஒரு கணம்கூடக் கீழே வைக்கவில்லை.

கடைக்காரர் எண்ணெயை எடுக்காமல் உறையையே பார்த்தார். போன வாரம் பின்தெருவில் ஒரு கடைக்குச் சீல் வைத்தார்களே, அங்கே வந்த அதிகாரியும் இப்படித்தான் கக்கத்தில் உறையோடு வந்தாராம். வாடிக்கையாளர் மாதிரி நைச்சியமாகப் பேசிவிட்டு, அப்புறம்தான் உறையைப் பிரித்தாராம்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நம்மவர் மடியில் இருந்தது பதினெட்டு கேன் கனம். ஒர்க்‌ஷாப்புகளில் வடித்துக் கொட்டும் பழைய என்ஜின் ஆயிலை வாங்கி, துணியில் வடிகட்டி, துளி சிவப்புச் சாயம் கலந்து, ‘அசல் செயின் ஆயில்’ என்று லேபிள் ஒட்டி அவரும் அவர் மச்சானும் ஆறு மாதமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் பூட்டு விழுந்தால் இரண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும்.

“செயின் ரம்பத்துக்குத்தானே மேடம்? யாருக்கு வாங்கறீங்க?”

“எங்க வீட்டுக்காரருக்கு. மரத்து மேல ஏறிக் கிளை வெட்டறவரு.”

வீட்டுக்காரராம்! மரம் வெட்டுகிறவன் ரம்பத்தைத் தன் பிள்ளையைவிடப் பத்திரமாகப் பார்ப்பான். அதற்கு எண்ணெய் வாங்க மனைவியை அனுப்பிய ஒருவனையும் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

நல்ல கேனாகப் பார்த்துத் திறந்து ஒரு சொட்டு விட்டார். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்து, மெல்லப் பிரித்தாள். பாகு மாதிரி நூல் இழுத்தது. அசலா போலியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்கிற வேலை அது.

“ஒட்டுதே” என்றாள், குரலில் சுரத்தே இல்லாமல்.

“ஒட்டணும் மேடம். செயின் சுத்தற வேகத்துக்கு, தண்ணி மாதிரி இருந்தா சிதறிப் போயிடும். செயினும் அது ஓடற இரும்புப் பட்டையும் காஞ்சு, சூடாகி, அப்படியே இறுகிக்கும்.”

“இறுகிக்கிட்டா, சரி பண்ண எத்தனை நாள் ஆகும்?”

ஆகா, வாயைக் கிளறுகிறாள்! “நம்ம கடை எண்ணெயில அந்தப் பேச்சுக்கே இடமில்ல மேடம்” என்று அவசரமாகச் சொன்னார்.

நேரங்கெட்ட நேரத்தில் பின்கட்டிலிருந்து மச்சான் தலையை நீட்டினான். முழங்கை வரை கறுப்பு. “மாமா, அந்தப் பழைய டிரம்மை எங்க...”

“நீ போய்ச் சாப்பிடு!”

“மணி பத்தரைதானே மாமா?”

“பசிக்கும். போ!” மச்சான் ஒன்றும் புரியாமல் மறைந்தான்.

அந்தப் பெண்ணின் பார்வை கீழ்த்தட்டுக்குப் போனது. “வேற எண்ணெய் இல்லையாண்ணே? கொஞ்சம் லேசா? அந்தச் சாக்குக்கு அடியில என்ன இருக்கு?”

“காலி கேனுங்க மேடம். எடைக்குப் போடறது.” சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இனி மழுப்பினால் ஆகாது. மேல்தட்டிலிருந்து சீல் உடையாத அசல் கேனை இறக்கி, துடைத்து, அவள் முன்னால் வைத்தார். “இதை எடுத்துக்கங்க. கொள்முதல் விலைக்கே தரேன், பில்லும் போட்டுத் தரேன். என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், இதை ஊத்தினா ரம்பம் ஒரு நாள்கூட ரிப்பேராகி நிக்காது.”

அவ்வளவுதான், அவள் கண் கலங்கிவிட்டது. தொய்ந்துபோய் உறையை மேஜைமேல் வைத்தாள். உறையின் வாய் வழியாக ஒரு கறுப்புப் படம் பாதி வெளியே வந்தது. அதில் இருந்தது ஒரு மனிதனின் மண்டை.

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி உறையைப் பார்த்தா இவ்வளவு நேரம் நடுங்கினோம் என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

“ஒரு நாள்கூட நிக்காதது எனக்கு வேணாம்ணே” என்றாள். “போன மாசம் அவருக்கு ஒரு கேன் குடுத்தீங்களே, அதையே குடுங்க.”

வந்த உயிர் வாசலிலேயே நின்றுவிட்டது. “அது... அதை ஊத்தி ரம்பத்துக்கு ஏதாவது...?”

“இறுகிப்போச்சு. எண்ணெய்தான் காரணம்னு ரிப்பேர் கடைக்காரர் என்கிட்ட சொன்னாரு. நல்லதா கெட்டதான்னு விரல்ல தேச்சுப் பாக்கவும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நான் வீட்டுல மூச்சு விடல.”

“ஏம்மா,” மேடம் போய் அம்மா வந்திருந்தது, “கெட்ட எண்ணெய்னு தெரிஞ்சுமா அதையே கேக்கற?”

அவள் படத்தை உறைக்குள் தள்ளினாள். “திடீர் திடீர்னு அவருக்கு மயக்கம் வருதுண்ணே. இனிமே உயரத்துல ஏறினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அழுது பாத்துட்டேன், கால்ல விழுந்தும் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறாரு.”

அவள் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ரம்பம் ரிப்பேர்ல கிடந்த பத்து நாள்தாண்ணே அவர் மரம் ஏறல.”