அடக்கும் கலங்கள்

கண்டி வீதியில் பட்டாசு வெடிக்கிறது. ஆய்வுகூடத்து யன்னல் கண்ணாடிகள் அதிர, கமலாசனியின் பேச்சு பாதியில் நின்றுபோகிறது. புலிகளிடமிருந்து கிளிநொச்சியை இராணுவம் பிடித்துவிட்டதாம். திரையில் அவள் விளக்கிக்கொண்டிருந்த அடக்கும் பி கலங்கள் என்ற நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நீலப் புள்ளிகளாக மின்னுகின்றன. மற்றக் கலங்கள் கிருமியோடு சண்டைபோட்டு வெறியேறும்போது, போதும் என்று அடக்கிவைக்கிற சிறு கூட்டம் அது. அது குறைந்துபோனால் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கிவிடும். பக்கத்து அறைச் சாந்தனி சிரித்த முகத்தோடு, வெற்றிக்கென்று ஆக்கிய பாற்சோற்றுத் தட்டைக் கொண்டுவருகிறாள். சண்டை நடக்கும் வன்னியிலிருக்கும் தாயிடமிருந்து கமலாசனிக்குக் கிழமைக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. பேராசிரியர் நவரட்ணராஜாவுக்கு அது தெரியும். அந்த அறையில் தமிழர் அவர்கள் இருவர்தான். அவர் பெரிய துண்டொன்றை எடுத்துக் உறைப்பான கட்டைச் சம்பலோடு வாயில் வைக்கிறார். "ஹரி ரசய்" என்று சிங்களத்தில் புகழ்கிறார். மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கிறது. தட்டு கமலாசனியிடம் வருகிறது. அவள் கையுறையை இன்னும் கழற்றவில்லை. வெளியே இன்னொரு சரம் வெடிக்கிறது. பேராசிரியர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி மெல்லத் தமிழில் சொல்கிறார்:

"எடும் பிள்ளை, எல்லாரும் பாக்கினம்."