செவலைக்குட்டியின் வக்கீல்

"இன்னாது! நாய்க்குட்டிக்குக் காயடிக்கிறதா?"

கன்னியப்பன் போட்ட சத்தத்தில், உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த கறவை மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

அவர் வந்தது ஒரு நாய்க்குட்டிக்காக. கழனியில் பம்ப்செட் காவலுக்கு வேண்டும். யாரோ புண்ணியவான் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் வீசிவிட்டுப் போன ஐந்து குட்டிகளை, ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் பாக்கியமேரி எடுத்துவந்து வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார். வந்த இடத்தில் செவலைக் கடுவன் குட்டி ஒன்று அவர் வேட்டி நுனியைக் கவ்வி இழுத்தது. மனசு அதன்மேல் விழுந்துவிட்டது.

"இத்தக் குடு மேரி" என்றார்.

"புதன்கெயம ஆப்ரேசன் கீது ஐயா. அஞ்சுக்கும் பண்றாங்க. தையல் பிரிச்சதும் நானே எடுத்தாந்து குடுக்கறேன்" என்றாள் அவள்.

அதற்குத்தான் அந்தச் சத்தம்.

டாக்டர் தாமோதரன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பெரியவரே, போன வருஷம் பதினோரு குட்டியை அப்படியேதான் கொடுத்தேன். ஆறு மாசம் ஆனதும் கொண்டுவாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்னு ஒவ்வொருத்தர்கிட்டேயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒருத்தர் வரலை. அதுங்க போட்ட குட்டிங்கதான் இந்தச் சாக்கு மூட்டையில திரும்பி வந்துச்சு. அதனால இனிமே ஆபரேஷன் முடிச்சுத்தான் குட்டியைக் கொடுக்கிறது. மயக்க ஊசி போட்டுத்தான் பண்றோம், வலிக்காது."

கன்னியப்பனுக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு மாதக் குட்டி! வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெரியாது. அதைப் பிடித்து மல்லாத்திக் கத்தி வைப்பதா? இந்த அநியாயத்தைக் கேட்க ஊரில் ஆள் இல்லையா?

ஏன் இல்லை? அவர் இருக்கிறாரே! பக்கத்துக் கிராமத்தில் இரண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். அநியாயம் என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

நேரே டீக்கடைக்குப் போய் அங்கிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில்லா ஜீவன்யா! அத்தோட வம்சத்த அறுக்கறதுக்கு இவன் யாரு? படிச்சுட்டா இன்னா வேணா பண்ணலாமா?"

"ஏர் மாட்டுக்கு நாம காயடிக்கலியா?" என்று கேட்டான் பச்சமுத்து, டீயை ஊதிக்கொண்டே.

"யோவ், மாடு ஏர் இழுக்கணும். அது வேற, இது வேற!"

எப்படி வேறு என்று பச்சமுத்து கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குக் கன்னியப்பன் கழனியில் அவனுக்கு நடவு வேலை இருக்காது.

மனு தயாரானது. டாக்டரை ஊர் மாற்ற வேண்டும். தினக்கூலிக்காரி பாக்கியமேரியை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். பாதிப் பேர் என்ன ஏது என்று தெரியாமலேயே கைநாட்டு வைத்தார்கள். தலைவர் கேட்டால் வைக்கிற பழக்கம்.

புதன்கிழமை காலையில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலை மறித்துவிட்டார் கன்னியப்பன். பாக்கியமேரி கூடையில் பழைய புடவையை விரித்து, குட்டிகளை அதில் உட்கார்த்தி உள்ளே தூக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"நில்லு! கூடைய இப்படிக் குடு. அஞ்சையும் நான் எடுத்துக்கினு போறேன். இல்லாங்காட்டி இந்த மனு கலெக்டராபீசுக்குப் போவும். நாளையிலேருந்து உனுக்கு இங்க வேல கெடையாது."

பாக்கியமேரி கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேல போனா போவட்டும் ஐயா. இப்படியே குடுத்துட்டா அடுத்த வருசமும் நான்தான் ஏரிக்கரையில பொறுக்கணும். இந்தத் தபா மூட்டைய அவுக்கறப்பவே, இந்த அஞ்சு போக நாலு செத்துக் கெடந்துச்சு."

"எதுத்துப் பேசறியா? எறக்குடி கூடைய!"

"முடியாதுங்க."

கூலிக்காரி, அதுவும் இருபது பேர் முன்னால், முடியாது என்கிறாள்! கன்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லார் காதிலும் விழட்டும் என்றே குரலை உயர்த்தினார்.

"ஒண்ணாவது பெத்திருந்தா உனுக்கு அருமை தெரிஞ்சிருக்கும்! வயித்துல ஒண்ணும் தங்காதவளுக்கு வம்சம்னா இன்னான்னு எங்க தெரியப் போவுது?"

கூட்டத்தில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டான். கன்னியப்பனுக்கு அது ஏன் என்று புரியவில்லை. தன் பேச்சு உறைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

பாக்கியமேரி அழவில்லை. கூடையைப் பத்திரமாக வாசலில் கிடந்த மேஜைமேல் வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் ஐயா. எமர்ஜென்சி வருசம், எங்களுக்குக் கல்யாணம் ஆயி நாப்பது நாளு. ஒங்க கழனியில வேல செஞ்சிக்கினு இருந்த எங்க வூட்டுக்காரர, சத்து ஊசி போடறாங்கன்னு சொல்லி, குடும்பக் கட்டுப்பாடு முகாம் லாரியில ஏத்திவுட்டது நீங்கதானே?"