குறைத்துச் சொன்ன வயது

12.8.1974, திங்கள். காளியாயி இன்று ஒரு தவறு செய்துவிட்டாள். ஆறு முடிந்த மகனுக்கு மூன்று வயது என்று வகுப்பில் சொல்லிவிட்டாள்.

மாலைத் தையல் வகுப்பின் தரையில் கடைசி வெயில் ஜன்னல் கம்பிகளை நீளமாகப் போட்டிருக்கிறது. இன்னும் நடக்காத, பேசாத அவள் மகன் வீரையா மெஷினுக்கு அடியில் தவழ்ந்துபோய், சுழலும் சக்கரத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரிக்கிறான். மெஷினை மிதிப்பவள் கண்டரமாணிக்கத்து அழகி. பக்கத்தில் அவள் மகள் சோலை, பன்னிரண்டு வயதுக்காரி, கடைவாயில் எச்சில் ஒழுக, வெட்டுத் துணியைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்து மகிழ்கிறாள். அழகி காலை நிறுத்தாமலே கேட்கிறாள்: "ஏத்தா, மூணு வயசுலயா ஒம் மகனுக்கு முன்பல்லு விழுந்துருச்சு?" காளியாயிக்கு முகமெல்லாம் சுடுகிறது. நாளையிலிருந்து இவனைக் கூட்டி வரக்கூடாது, தானும் வரக்கூடாது என்று நினைக்கிறாள். "நாலு பேரு ஏதாச்சும் சொல்லுவாகன்னுதான்க்கா..." என்று இழுக்கிறாள். "எனக்குத் தெரியாதாக்கும்? இவளுக்குப் பத்து முடியிற மட்டும் ஆறுன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசியில அடுத்த வீட்டுக்காரி, ஒம் மகளுக்கு மட்டும் வயசே ஏறாதான்னு கேட்டுட்டா!" இருவரும் சிரிக்கிறார்கள். ஏனென்று தெரியாமலே சோலையும் சிரிக்கிறாள். அழகி குனிந்து, மகளின் வாயைத் துடைத்த முந்தானையாலேயே வீரையாவின் வாயையும் துடைத்துவிடுகிறாள். "மானகிரியில ஒருத்தி இது மாதிரிப் பிள்ளைய வெளியவே காட்டாம வச்சிருக்கா. நாளைக்கு இவனையும் தூக்கிக்கிட்டு எங்கூட வாத்தா."

நாளை மதியம் மானகிரி போக வேண்டும். பஸ்ஸில் ஆறு வயது என்று சொல்லி வீரையாவுக்கும் அரை டிக்கெட் கேட்டு வாங்க வேண்டும்.