குளிர்ந்த நெற்றி

ஒரகடம் தொழிற்சாலை வாசலில் காலை ஷிப்ட் வரிசை நகர்கிறது. காவலாளி நாகப்பன் விறைப்பாக நின்று, ஒவ்வொரு நெற்றிக்கும் நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுகிறார். அடுத்த நெற்றி அவர் மகள் கலைமதியுடையது. விடிகாலையில் அது அவர் உள்ளங்கையைச் சுட்டது. "இந்தச் சூட்டுலதான் ரத்தத்துல கீற வெள்ளணு வேகமா ஓடி கிருமிய அடிக்குமாம், நம்ம கம்பெனி நர்சம்மா சொன்னாங்க. மாத்திரை போட்டு அதை அடக்கிடாத, வூட்லயே படு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு "சரிப்பா" என்றாள். இப்போது கருவி, காய்ச்சல் இல்லை என்று பச்சை காட்டுகிறது. அவள் காதோரம் மட்டும் வியர்வை அரும்பிப் பவுடரைக் கரைக்கிறது. "மாத்திரை போட்டியா?" "மெதுவா பேசுப்பா. இன்னிக்கு லைன் லீடர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. மிஷினே பச்சை காட்டுது, உனுக்கின்னா?" பின்னால் ஒருவன் சிரிக்கிறான். "இன்னா பெரிசு, சொந்தப் பொண்ணுன்னா ரெண்டு தபா பாப்பியா?" அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த அணுக்களெல்லாம் பாதி வழியில் தளர்ந்து நிற்பதாக அவருக்குத் தோன்றுகிறது, அவற்றையும் ஏமாற்றிவிட்டாள், அவரையும் ஏமாற்றிவிட்டாள். அவள் கண்கள் கெஞ்சுகின்றன. நாகப்பன் தடுப்புக் கம்பியை அவள் முன்னால் இறக்குகிறார். உள்ளே நிற்கும் சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி, "சார், இந்தப் பொண்ணுக்கு ஜுரம்" என்கிறார். என் பொண்ணு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.