மூலை முட்டையின் முடிவு

அடுக்களைக் கூடையின் மூலையில் ஒரு முட்டை இருந்தது. என்னவாகப் போகிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் அடுப்புக்குப் போக அதற்குப் பயம். கூடைக்குள் கை வரும்போதெல்லாம் பக்கத்து முட்டைக்குப் பின்னால் ஒதுங்கிவிடும்.

ஒருநாள் தோசைக்கல்லிடம் யோசனை கேட்டது.

"ஆம்லெட் ஆயிடு தம்பி. வெங்காயம், பச்சைமிளகாய்னு துணைக்கு ஆள் இருக்கும்."

சரியென்றுதான் பட்டது. ஆனால் குண்டான் சிரித்தது. "அவன் பேச்சைக் கேட்டு உடைஞ்சு போகாதடா. வெந்நீர்ல கொஞ்ச நேரம் கிட, முழுசா வெளிய வரலாம்."

அதுவும் சரியாகவே பட்டது.

"வெந்தா மட்டும் போதுமா?" என்றது குழம்புச் சட்டி. "உப்பும் காரமும் ஏறாதவனை யாருடா மதிப்பா?"

யாரும் பொய் சொல்லவில்லை. அதனாலேயே முட்டைக்குத் தலை சுற்றியது. மறுபடி மூலைக்கே போய்விட்டது. புது முட்டைகள் வந்தன, சமையலாகிப் போயின.

கடைசியில் ஒரு காலையில், ஆம்லெட்தான் என்று முடிவு செய்தது. அன்று அது ஒதுங்கவில்லை. வீட்டுக்காரி சுகந்தி அதை எடுத்துப் பார்த்தாள்; பழசோ என்று சந்தேகம். வேறு இரண்டு முட்டைகளோடு தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். கெட்டுப்போன முட்டை மிதக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முட்டைக்குத் தெரியாது.

மற்ற இரண்டும் அடியில் போய்ப் படுத்தன. இது மட்டும் மேலே வந்தது.

"அண்ணே, நான் தேறிட்டேனா?" என்று கிண்ணத்திடம் கேட்டது.



"உன்னைத்தாம்பா முதல்ல எடுப்பாங்க," என்றது கிண்ணம்.